தங்க ரேக்கு விழும் நேரம்

பினாங்கில் எந்த வீட்டிலும் உப்பு உலர்ந்து கிடந்ததை நான் கண்டதில்லை. ஜாடியில் போட்ட மறுநாளே கசிந்து கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். வந்த புதிதில் என் மனைவி தவமணி அதற்காகக் கடைக்காரனோடு சண்டை பிடித்தாள், பிறகு பழகிக்கொண்டாள். குறை கடைக்காரனிடம் இல்லை, காற்றில் இருக்கிறது. இந்தத் தீவின் ஈரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதில் விளங்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. என் உத்தியோகமே அந்த ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

என் பெயர் அப்புத்துரை. வயது நாற்பத்தாறு. ஊர் மானிப்பாய். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பகுதிக்குக் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என் பெயரில் இதுவரை வேறு ஒரு புகாரும் இல்லை. அடுத்த வீட்டுச் சின்னம்மா கொடுத்திருக்கும் மனுவுக்குப் பதிலாகத்தான் இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நல்ல தேநீர் கொடுத்தீர்கள், அதற்கும் நன்றி.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஐந்து ரேடியக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தீக்குச்சியில் பாதி நீளம், மேலே பிளாட்டினத் தகடு. புற்று வந்த இடத்தில் சில மணி நேரம் கட்டி வைத்தால் புற்று வாடும். மறந்துபோய் அதிக நேரம் வைத்தால் நல்ல சதையும் வாடும். ஆகையால் ஈயப் பெட்டியில் பூட்டி வைப்போம். சாவி என்னிடம் இருந்தது.

அது தொலைந்தால் கண்ணால் தேடி எடுக்க முடியாது. குப்பையோடு போகும், சாக்கடையில் இறங்கும். தேடுவதற்கு எலக்ட்ரோஸ்கோப் என்று ஒரு கருவி உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைத் தங்க ரேக்குப் பெட்டி என்போம். பிஸ்கட் டின் அளவில் ஒரு பித்தளைப் பெட்டி. உள்ளே ஒரு கம்பி. கம்பியை ஒட்டித் தொங்கும் ஒரு கீற்றுத் தங்க ரேக்கு, காகிதத்தைவிட மெல்லிய தகடு. கறுப்பு எபனைட் ரப்பர்க் கோலைப் பட்டுத் துணியில் தேய்த்துக் கம்பியைத் தொட்டால் மின்சாரம் ஏறி, ரேக்கு கம்பியை விட்டு விலகி நிற்கும். சும்மா விட்டால் ஆறேழு நிமிடத்தில் மெல்ல இறங்கும். பக்கத்தில் ரேடியம் இருந்தால் இருபது எண்ணுவதற்குள் விழுந்துவிடும். முதலில் ரேடியம் இல்லாத இடத்தில் நேரம் பார்த்து எழுத வேண்டும். பிறகு சந்தேகப்பட்ட இடத்தில் பார்த்து எழுத வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் பதில் கிடைத்துவிடும்.

கம்பியைத் தாங்கி நிற்பது ஒரு சிறிய கந்தக மணி. அதில் ஈரம் பட்டால் மின்சாரம் அதன் வழியே கசிந்து, ரேடியமே இல்லாத இடத்திலும் ரேக்கு விழும். இதற்காகப் பெட்டிக்குள் நீறாத சுண்ணாம்புக் கட்டி வைத்துக் காற்றை உலர்த்துவேன். மேல் மூடி திறந்திருக்கும்போது யாரும் அருகில் மூச்சு விடக் கூடாது என்பது என் சட்டம். ஒரு முறை பெரிய டாக்டரையே, வெள்ளைக்காரரை, தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்.

1941 டிசம்பரில் குண்டு விழுந்தது. வெள்ளைக்காரர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பலேறிவிட்டார்கள். பெரிய டாக்டர் சாவியைக் கேட்கவும் இல்லை, குழாய்களை நினைக்கவும் இல்லை. மற்றவர்களுக்கு அதில் ஆத்திரம். எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமை. ஐந்து குழாய்களையும் துடைத்து, எண்ணி, ஜப்பான்காரர்கள் வந்த பிறகு அவர்களிடம் கணக்கு ஒப்படைத்தேன்.

எங்களுக்குப் பொறுப்பாக வந்தவர் கேப்டன் இவாசே. மருத்துவம் படித்தவர், மெதுவாகப் பேசுபவர், அரைகுறை ஆங்கிலம். என் பெயர் வாயில் நுழையாமல் "அப்பு-சான்" என்று கூப்பிடுவார். முதல் வாரமே என்னை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு குழாயை ஆறு இழுப்பறைகளில் ஒன்றில் ஒளித்து வைத்தார். பட்டுத் துணி அப்போது கிடைக்கவில்லை. தவமணியின் கல்யாணக் கூறைச் சேலை முந்தானையில் வெட்டிய துண்டு ஒன்று வைத்திருந்தேன். அதில் கோலைத் தேய்த்து, நான்கு நிமிடத்தில் நான்காவது இழுப்பறையைக் காட்டினேன். அவர் என் முன் லேசாகத் தலை குனிந்தார். மனிதர்கள் பொய் சொல்வார்கள், இந்த ரேக்கு சொல்லாது என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு நாற்காலியும் கூடுதலாக ஒரு சுண்டு அளவு அரிசியும் கிடைத்தன.

1943 ஆகஸ்ட் கடைசியில் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஏழு பெயர்கள் ஏறின. ஜப்பான்காரர்கள் காட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில் பாதைக்கு வைத்திய உதவிக்குப் போக வேண்டியவர்கள். ஐந்தாவது பெயர் என்னுடையது. ஆறாவது டிரெஸ்ஸர் பழனியப்பன்.

பழனியப்பன் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். குவாட்டர்ஸில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, படித்து, டிரெஸ்ஸர் ஆனவன். முப்பது வயது. புண் கட்டுவதில் கெட்டிக்காரன். ஆனால் வாய் ஓயாது. நோயாளிக்கு வலி தெரியாமல் இருக்கப் பேசுகிறேன் என்பான். நோயாளி இல்லாத இடத்திலும் பேசுவான். அவனுடைய மனைவிதான் சின்னம்மா.

பட்டியலைக் கேட்டதும் தவமணி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இஞ்சருங்கோ, போனவையில ஒருத்தராவது ஒரு கடுதாசி போட்டவையே?" என்றாள். ஒருவரும் போடவில்லை. தோட்டங்களிலிருந்து கூலி ஆட்களை லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு பலவீனம், மூன்று பெண் பிள்ளைகள். பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறினால் என் கதை முடிந்தது என்று தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தபோது நான்கு குழாய்கள்தான் இருந்தன.

உடனே போய்ச் சொன்னேன். கேப்டன் என்னை இரண்டு முறை அறைந்தார். மூக்கில் ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டு நின்றேன். ஐம்பது மில்லிகிராம் ரேடியம், அவருடைய பொறுப்பில் இருந்தது. மேலிடம் கேட்டால் அவர் தலைக்கே ஆபத்து. யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டார். இந்தத் தீவில் அந்தப் பெட்டியை வைத்து வேலை செய்யத் தெரிந்தவன் ஒருவன்தான். அவரே எழுந்து போய்ப் பலகையில் என் பெயர்மேல் சிவப்புக் கோடு போட்டார்.

அன்று மத்தியானம் பழனியப்பன் வந்தான். "அண்ணே, அந்தப் பொட்டியத் தூக்க ஒரு ஆளு வேணும்லா? நான் தூக்குறேன். கேப்டன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. சின்னம்மாவத் தனியா விட்டுட்டுப் போனா அவ என்ன பண்ணுவா?"

சொன்னேன். அவன் பெயர்மேலும் கோடு விழுந்தது. மற்ற ஐந்து பேர் அந்த வாரமே போனார்கள். ஐயா, இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்: அவனை முதலில் காப்பாற்றியவன் நான்.

பிறகு ஏழு வாரம் தேடினோம். வார்டுகள், குளியலறைகள், சலவைக்கூடம், ஆஸ்பத்திரியிலிருந்து கடல் வரைக்கும் போகும் சாக்கடை. பிளாட்டினத்துக்காக யாராவது விற்றிருக்கலாம் என்று சூலியா தெருக் கடைகளிலும் ஏறி இறங்கினோம். அங்கே சாப்பாட்டுக் கடை அப்துல் ஹமீது பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரேடியம் கெடக்கட்டும் கிராணியாரே, என் கடையில எங்கயாவது அரிசி ஒளிஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். பழனியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். ஏழு வாரத்தில் அவன் தொழிலையும் கற்றுக்கொண்டான். கோலைத் தேய்ப்பான், நேரம் பார்ப்பான், எழுதுவான். மூடி திறந்தால் சட்டைத் துணியால் வாயைப் பொத்திக்கொள்வான். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றையும் அவன் விட்டதில்லை.

குழாய் எங்கே இருந்தது என்று நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். பெட்டியில் நான்கு குழாய்கள்தான் இருந்தன என்று எழுதினேன். அது பொய் அல்ல. ஐந்தாவது என் சாப்பாட்டு அடுக்குச் சட்டியின் கீழ்த் தட்டில், ஈயத் தகட்டில் சுற்றி, முந்தின மாலையே என்னோடு வீட்டுக்குப் போயிருந்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் வீட்டுப் பின்புறம் மரவள்ளி போட்டிருந்தோம். என் பாத்தியின் மூலையில் ஓர் அடி ஆழத்தில் புதைத்தேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதபடி முள் வேலி வைத்தேன். நான் பொறுப்பில்லாத தகப்பன் அல்ல.

அந்தக் காரியத்தில் ஒரு கஷ்டம் இருந்தது. குழாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் என்னால் இனி உபயோகம் இல்லை; சயாம். கண்டுபிடிக்காமலே இழுத்தால் ஒரு நாள் கேப்டனுக்குச் சலித்துவிடும். அப்போதும் சயாம், அல்லது அதைவிட மோசம். தினமும் காலையில் பெட்டியைத் துடைக்கும்போது இதைத்தான் யோசிப்பேன். நானே கட்டிய அறைக்குள் நானே இருந்துகொண்டு கதவு எங்கே என்று தேடுகிற நிலைமை. சோறு இறங்கவில்லை. தவமணிக்கு ஒன்றும் தெரியாது. வயிற்றுக் கோளாறு என்று ஓமம் அவித்துத் தந்தாள்.

ஏழாவது வாரம் சனிக்கிழமை கேப்டன் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் கெம்பெத்தாய் ராணுவப் போலீஸ் கைக்குப் போகும், அவர்கள் உன்னிடமிருந்துதான் தொடங்குவார்கள் என்றார். குவாட்டர்ஸ் வீடுகளை இன்னும் அளக்கவில்லையே என்றும் கேட்டார். புதன்கிழமை அளக்கலாம் என்றேன்.

புதன்கிழமை கேப்டனும் கெம்பெத்தாய் ஆட்கள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. முதல் நான்கு வீடுகளில் ரேக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் நின்றது. ஐந்தாவது என் வீடு. கூடத்தில் வைத்து அளந்தேன், அங்கேயும் நின்றது. பின்புறம் சேறு, பெட்டியை வைக்க இடமில்லை என்றேன். கேப்டன் சரி என்றார். ஆறாவது பழனியப்பன் வீடு.

அவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் நுழைந்தான். சின்னம்மா கையில் அகப்பையோடு அடுக்களை வாசலில் நின்றாள். பெட்டியை மேசைமேல் வைத்தான். நான் மூடியைத் திறந்து மின்சாரம் ஏற்றினேன். ரேக்கு விலகி நின்றது. நன்றாக நிற்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். மூடி இன்னும் திறந்துதான் இருந்தது. எந்த மனிதனும் செய்வதைத்தான் செய்தேன், ஐயா. மூச்சு விட்டேன். நீளமாக, இரண்டு முறை.

மூடியைப் போட்டேன். ரேக்கு பதினைந்து எண்ணுவதற்குள் விழுந்தது. கேப்டன் தன் கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை, யாரையும் கை நீட்டிக் காட்டவில்லை. சாக்கு முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் ஜப்பான்காரனுக்கு ஆள் காட்டினவர்கள் இதே ஊரில் இருந்தார்கள். நான் அந்த ரகம் அல்ல. ரேக்கு விழுந்தது. அவ்வளவுதான்.

பழனியப்பன் என்னைப் பார்த்தான். கந்தக மணியில் மூச்சுப் பட்டால் என்ன ஆகும் என்று இந்தத் தீவில் என்னைத் தவிர அவனுக்கு மட்டும்தான் தெரியும். "அண்ணே," என்றான். அவ்வளவு பேசுகிற ஆள், அன்றைக்கு அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். அவர்கள் அவன் கைகளைப் பின்னால் கட்டினார்கள். வீட்டைத் தோண்டிப் பார்த்தார்கள், குழாய் இல்லை. அங்கே இருக்க நியாயமும் இல்லை. இங்கே வைத்திருந்து பிறகு வேறு யாரிடமோ கொடுத்துவிட்டான் என்று கேப்டன் முடிவு செய்தார். என் கஷ்டம் அதோடு தீர்ந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான், குழாய் கிடைக்கவில்லை. தேடல் தொடர வேண்டியதாயிற்று.

ஏன் என் புருஷன் அந்த நேரத்தில் அண்ணனையே பார்த்தார் என்று சின்னம்மா மனுவில் கேட்டிருக்கிறாள். பதில் மேலே எழுதியிருக்கிறேன்.

அவனைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். என்னையும் தினமும் கூப்பிட்டார்கள். அவனுடைய சட்டை, செருப்பு, வெட்டிய நகம், தலைமுடி எல்லாவற்றையும் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து தருவார்கள். நான் அளந்து சொல்ல வேண்டும். அவற்றில் ரேடியத்தின் அடையாளம் எதுவும் இல்லை என்று ஒவ்வொரு நாளும் நேர்மையாகச் சொன்னேன். ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு மரத் தட்டிதான். கேள்வி கேட்பது எனக்குக் கேட்கும். அவன் தெரியாது என்பதும் கேட்கும். மற்றவையும் கேட்கும். பதினோராம் நாள் சட்டை ஒன்றும் வரவில்லை. என்னை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவன் வீட்டுக்கு வரவேயில்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் தேடினேன். நாற்காலி இருந்தது, அரிசி வந்தது. சின்னம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நாங்கள் அவளைக் கைவிடவில்லை. மரவள்ளி பிடுங்கும்போதெல்லாம் தவமணி ஒரு பங்கு கொடுத்தனுப்புவாள். வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்ததும் நான் முதல் காரியமாகக் குழாயைத் தோண்டி எடுத்து ஒப்படைத்தேன். ஜப்பான்காரனுக்கு எட்டாமல் காப்பாற்றினேன் என்று பாராட்டிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். நகல் இணைத்திருக்கிறேன்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். சயாமுக்கு ஆள் அனுப்புவது எப்போது நின்றது, அது எனக்கு எப்போது தெரியும் என்று. அப்போது நான் தண்ணீர் கேட்டேன். முழுவதும் எழுதுவதாகச் சொன்னதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை. ரேக்கு விழுந்ததற்கு இரண்டு நாள் முன்பு. நான் எக்ஸ்ரே அறையில் சுண்ணாம்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பழனியப்பன் ஓடி வந்தான். மூச்சிரைக்க, வாயைப் பொத்திக்கொண்டு, மூடியைப் போடுங்கள் என்று சைகை காட்டினான். போட்டேன்.

"அண்ணே, பலகையைப் பாத்தீங்களா? ஆஸ்பத்திரி ஆளு இனிமே சயாமுக்கு வேண்டாமாம். பாதை முடிஞ்சிருச்சாம். பட்டியல கிழிச்சுட்டாங்க. நாம தப்பிச்சோம்ண்ணே."

நான் உட்கார்ந்தேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. போன வாரம் நீங்க இல்லாதப்ப, பழகலாம்னு பொட்டியப் பின்னால எடுத்துட்டுப் போனேன். உங்க மரவள்ளிகிட்ட வச்சேன். நல்ல வெயிலு, ஈரமே இல்ல. முப்பது எண்ணுறதுக்குள்ள விழுந்திருச்சு."

நான் மேசைமேல் சிந்திய சுண்ணாம்பைத் துடைத்தேன்.

"உங்க நெலமையில நானும் அதத்தான் செஞ்சிருப்பேன்ண்ணே. அதுல நானும்தான தப்பிச்சேன். இனிமேதான் பயமில்லல்ல. அதை எடுத்து எங்கயாவது சாக்கடையில போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நாம ரெண்டு பேருமே போயிக் கண்டுபிடிச்சிருவோம். நான் வாயத் தொறக்க மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்லா."

நல்ல யோசனை. இன்றைக்கும் அதில் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. "சரி பழனி, அப்பிடியே செய்வம்" என்றேன். அவன் சந்தோஷமாக எழுந்து போனான். நான் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சயாம் இனி இல்லை. குழாயைச் சாக்கடையில் போடுவது பத்து நிமிட வேலை. ஆனால் அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஆனாலும் அடுத்த வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், விஷயம் தெரிந்த ஒருவன் இருப்பான். அவனோ வாய் ஓயாத ஆள். சாப்பாட்டுக் கடையில் ஒரு நாள், சிரிப்போடு சிரிப்பாக, ஒரு வார்த்தை விழுந்தால் போதும். அவன் சொல்லிவிடுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதனால்தான் புதன்கிழமை குனிந்தேன்.

அந்த ஒரு கணக்கு மட்டும் தவறிவிட்டது. பதினொரு நாளும் மரத் தட்டிக்கு இந்தப் பக்கம் பெட்டியோடு உட்கார்ந்து, இப்போது சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று காத்திருந்தேன். என் வீட்டுப் பின்புறம், மரவள்ளிப் பாத்தி என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவனை அப்போதே அவிழ்த்து விட்டிருப்பார்கள். நான் அவன் வாயைப் பொத்தவில்லை. மிரட்டவில்லை, வேண்டாம் என்று சொல்லி அனுப்பவும் இல்லை. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்குப் பதினொரு நாள் அவகாசம் இருந்தது. அவன் அதை உபயோகித்துக்கொள்ளவில்லை என்றால், ஐயா, அந்தப் பிழையை என்மேல் எப்படி எழுதுவீர்கள்?